ஆறாவது ஆணி

டிசம்பரில் ஜெஸியின் ரத்தத்தில் காரீயம் நாற்பத்தொன்று இருந்தது. ஐந்துக்கு மேல் போகக் கூடாதாம். அவளுக்கு நான்கு வயது. அவள் அம்மா கிளாரா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

முதலில் வயிற்றுவலி. நான்கு நாளுக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போனாள். முகம் வெளுத்தது. பிறகு பேச்சு குறைந்தது. 'பப்பா, அந்த ரோஸ் கிளாஸ்ல தண்ணி தாங்க' என்று கேட்பவள், 'தண்ணி' என்று மட்டும் கேட்க ஆரம்பித்தாள். அப்புறம் கையை மட்டும் நீட்டினாள். அம்மா போன ஏக்கம் என்றார்கள் பக்கத்து வீடுகளில். நானும் அப்படியே நினைத்தேன். எனக்கும் அப்போது பேச்சு அவ்வளவாக இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரின் பெயர் சுஷ்மா. மராத்திக்காரர். என்னிடம் இந்தியில் பேசினார். வீட்டில் யாராவது பேட்டரி, ஈயம் சம்பந்தப்பட்ட வேலை செய்கிறார்களா என்று கேட்டார். மனைவி செய்தாள், ஜூலையில் இறந்துவிட்டாள் என்றேன். அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். அப்படியானால் இது அப்போது சேர்ந்தது மட்டுமல்ல என்றார். இப்போதும் எங்கிருந்தோ தினமும் உள்ளே போகிறது. அதைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டியது என் வேலை. நாற்பத்தைந்தைத் தாண்டினால் படுக்கையில் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். மூளைக்குப் போய்ச் சேர்ந்தது செய்த கெடுதல் திரும்பாது. வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்.

எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க எனக்கு நேரமாகவில்லை. தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் அறையிலிருந்து சொரிமுத்துவின் கார்கானாவுக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, அச்சில் ஊற்றி, மீன் வலையில் கட்டும் குண்டுகள் செய்கிற இடம். உலையைச் சொரிமுத்து பார்த்துக்கொள்வார். குண்டுகளின் ஓரத்தைக் கத்தியால் சீவி எடுப்பதற்கு ஆறு பெண்கள். கிளாரா ஆறாவது ஆள். நான்கு வருடம் அங்கே வேலை செய்தாள்.

நான் பி.காம். செம்பூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் ஸ்டாக் பார்க்கிறேன். படித்தவன் பெண்டாட்டி ஈயம் சீவுகிறாள் என்பதில் எனக்குக் கூச்சம் இருந்தது. அவளுக்கு இல்லை. நான் கல்லூரிக்குப் போட்டுப் போன நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்துப் போய், நைட்டிக்கு மேல் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். அங்கே எல்லாப் பெண்களும் புருஷனின் பழைய சட்டையைத்தான் மேலே மாட்டியிருப்பார்கள். கிளாரா அதை ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. என் கூச்சத்துக்காகத்தான் அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தாள். எலிக்காய்ச்சல். ஒன்பதாம் நாள் இறந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் எங்கள் சர்ச்சின் அன்பியக் குழுப் பெண்கள் வீட்டுக்கு வந்து அவள் துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம். தலையணை உறையைக்கூட விடவில்லை. ஜெஸி காலி அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். அதற்கப்புறம் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எனக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது.

போனேன். கார்கானாச் சுவரில் வரிசையாக ஆறு ஆணி. நான்கு பேர் அவரவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலையில் இருந்தார்கள். அன்று வராத ஒருத்தியின் சட்டைக்குப் பக்கத்தில், கடைசி ஆணியில் என் நீலக் கட்டச் சட்டை தொங்கியது. எடுத்தேன். அந்தப் பெண்களில் மூத்தவள் மாரீஸ்வரி அக்கா. கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அத விடுங்க தம்பி. அது கார்கானாத் துணி" என்றாள்.

படித்தவன் வீட்டுக்கு ஆகாத துணி என்று சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன். மடித்துக் கொண்டுவந்தேன்.

ஜெஸி அதில் முகத்தை வைத்து, "அம்மா" என்றாள். அன்றிலிருந்து சட்டைக்குப் பெயர் அம்மா. அம்மா எங்கே என்று கேட்டால் சட்டை எங்கே என்று அர்த்தம். சட்டையின் கைப்பட்டியைச் சப்பிக்கொண்டே தூங்கினாள். புகையும் எண்ணெயும் ஒரு புளித்த வாடையும் கலந்த வாசம் அதில் இருந்தது. வேலை விட்டு வரும்போது கிளாராவின் தலைமுடியில் லேசாக இருந்த வாசம். நான் அதைத் துவைக்கவில்லை.

ஈயம் நாற்பத்தொன்று என்று தெரிந்த அன்று சாயங்காலமே மனு எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். குடியிருப்புக்கு நடுவே உலை, அனுமதி இல்லை, புகைபோக்கி இல்லை, சுற்றிலும் எத்தனை குழந்தைகள் என்று தலைப்புத் தலைப்பாக எழுதினேன். ஜெஸியின் ரிப்போர்ட்டை இணைத்தேன். வார்டு ஆபீசிலிருந்து மேலே எங்கெங்கே அனுப்ப முடியுமோ அங்கெல்லாம் அனுப்பினேன். அதில் எழுதியது எதுவும் பொய் இல்லை.

ஜனவரியில் வந்தார்கள். உலையை உடைத்தார்கள். கதவுக்குச் சீல் வைத்தார்கள். தெருவே நின்று பார்த்தது. சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"நாலு பக்கம் இங்கிலீசுல எழுதுனீராம்லா வே. எம் பேரையாவது பிழையில்லாம எழுதுனீரா?"

சீல் வைத்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கிளாராவுக்குப் பெட்டி எடுக்க எங்கூட வண்டியில வந்தீரே, அன்னைக்கு என் உலை நாறலியோ?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. நாற்பத்தொன்று இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை நான் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன். அந்த ஆறு பெண்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை. ஒவ்வொரு நாளும் ஒருத்தி வேலைக்குப் போகாமல் மாரீஸ்வரி அக்காவின் அறையில் எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். உலைப் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கார்கானாச் சந்தில் எந்தப் பிள்ளையும் கால் வைக்கக் கூடாது. வியாழக்கிழமை கிளாராவின் முறை. அவள் செத்த பிறகு அந்த முறையையும் மாரீஸ்வரி அக்காவே பார்த்தாள். ஜெஸியை அனுப்ப வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் விட்டுவிட்டு நான் செம்பூருக்குப் போவேன். சட்டையைக் கொடுத்து அனுப்பமாட்டேன். மற்ற பிள்ளைகள் இழுத்துக் கிழித்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே வைத்திருப்பேன்.

சீல் வைத்த மறுநாள் ஜெஸியைத் தூக்கிக்கொண்டு போனபோது மாரீஸ்வரி அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வியாழன் வியாழன் நான் ரெண்டு பேரு முறையப் பாத்தேன் தம்பி. அதையும் அந்த மனுவுல எழுதுனியளா?"

உள்ளேயிருந்து ஒரு பிள்ளை ஜெஸியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. கதவு மூடிவிட்டது.

முதலாளியிடம் கேட்டு ஸ்டாக் வேலையை வீட்டிலிருந்தே செய்ய ஆரம்பித்தேன். டாக்டர் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டினேன். ஜன்னலை பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் வைத்து மூடினேன். தரையை ஒரு நாளைக்கு மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தேன். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டு அவள் கையைக் கழுவினேன். பால், முட்டை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்து மருந்து எல்லாம் கொடுத்தேன். வீட்டிலுள்ள எல்லாத் துணிகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும் என்று ஏழாவது வரி சொன்னது. மெத்தை விரிப்பு, திரை, என் உடுப்பு, அவள் உடுப்பு எல்லாவற்றையும் துவைத்தேன். ஒன்றைத் தவிர.

அவளை வெளியே விடவில்லை. மற்ற பிள்ளைகளின் சத்தம் கேட்டால் கதவைத் தட்டி அழுவாள். எனக்கு அப்போது கம்ப்யூட்டரில் வேலை இருக்கும். சட்டையை எடுத்துக் கொடுப்பேன். அமைதியாகிவிடுவாள். முன்பெல்லாம் தூங்கப் போகும்போது மட்டும்தான் சட்டை. இப்போது காலையிலிருந்தே. அதைத் தரையில் விரித்து, மேலே படுத்து, கைப்பட்டி, காலர், பொத்தான் என்று ஒவ்வொன்றாக வாயில் வைத்துக்கொண்டிருப்பாள். தொந்தரவே இல்லை. அந்த மூன்று மாதத்தில் என் ஸ்டாக் கணக்கில் ஒரு பிழை இல்லை என்று முதலாளி போனில் பாராட்டினார்.

மார்ச் கடைசியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்தெட்டு.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். சுஷ்மா மேடம் ஒரு பட்டியலை என் முன் வைத்தார். என் மனுவுக்குப் பிறகு வார்டிலிருந்து லேபர் கேம்ப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு ரத்தம் சோதித்திருந்தார்கள். மாரீஸ்வரி அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு. இன்னொரு பிள்ளைக்கு ஒன்பது. அதிகபட்சம் பதினான்கு. நல்ல எண்கள் இல்லை, ஆனால் உலையின் பின்சுவரை ஒட்டிப் படுத்துத் தூங்கும் பிள்ளைகள் இவர்கள் என்றார். உங்கள் பிள்ளை நாற்பது எட்டுத் தள்ளி இருக்கிறாள். உலை உடைந்து மூன்று மாதம் ஆகிறது. அவளுக்கு மட்டும் எப்படி ஏறுகிறது? அவள் வாயில் எது போகிறது?

வீட்டிலிருந்த பாத்திரம், பொம்மை, கிரேயான், மசாலாப் பொடி, சுவரில் சுரண்டிய சுண்ணாம்பு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். சோதித்தார்கள். எதிலும் இல்லை. சட்டையைப் பற்றி நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது ஒரு பொருள் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சாக்கைக் கட்டும்போதுகூட ஜெஸி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி போடும்போது அழாமல் இருக்கட்டும் என்று நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி ஏறும் என்று மேடம் சொல்லிவிட்டார். இன்னொரு முறை ஏறினால் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் இந்த ஜெஸி இருக்கமாட்டாள்.

சொரிமுத்து ரகசியமாக உலை மூட்டுகிறார் என்று முடிவு செய்தேன். விசாரித்ததில் தாராவியின் அந்தப் பக்கம், ஒரு பால்வாடிக்குப் பின்னால் தொடங்கியிருக்கிறார் என்று தெரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனேன். பால்வாடி மூடியிருந்தது. ஜன்னல் கம்பியில் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஜன்னலுக்கும் உலைக்கும் நடுவே ஒரு தகரம்தான்.

"வாரும் வே. இங்க உள்ளவனுக்கு ஒருத்தனுக்கும் இங்கிலீசுல எழுதத் தெரியாது. அதான் இங்க வந்தோம்" என்றார் சொரிமுத்து.

லேபர் கேம்ப்பில் திருட்டுத்தனமாக உலை வைக்கிறீர்களா என்று கேட்டேன். ஐம்பத்தெட்டைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உலையை உடைத்து இரும்பை லாரியில் ஏற்றியதை நீரே நின்று பார்த்தீரே, அப்புறம் அங்கே என்னத்தை வைத்து உருக்குவது என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால் நம்பினேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

வேலை முடியும் நேரம். பெண்கள் நான்கு பேரும் எழுந்து வாசலில் இருந்த தண்ணீர் டிரம்முக்குப் போனார்கள். ஐந்தாமவள் பிள்ளைகளைப் பார்க்கும் முறையில் இருந்திருப்பாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். மறுபடி சோப்பு. கழுத்து, காது. வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். பிறகு சட்டைகளைக் கழற்றினார்கள். உதறவில்லை. மெதுவாக, உள்பக்கம் வெளியே தெரியாமல் கழற்றி, சுவரில் இருந்த ஆணிகளில் மாட்டினார்கள். ஆணிகளை எண்ணினேன். ஆறு இருந்தது.

"ஆறு எதுக்கு?" என்று கேட்டேன்.

மாரீஸ்வரி அக்கா என்னைப் பார்க்காமல் தலையைத் துவட்டினாள். "பழைய எடத்துல ஆறுதான அடிச்சிருந்தா. பழக்கம்."

"யாரு?"

"கிளாராதான். ஜெஸி பெறந்து வேலைக்கு வந்த மொத நாளு, ஆணியும் சுத்தியலும் கொண்டாந்தா. பிரசவ ஆஸ்பத்திரில நர்ஸு சொல்லிவிட்டாளாம். இந்தத் துணி பிள்ள மேல படப்படாதுக்கா, இது வீட்டு வாசப்படி ஏறப்படாதுன்னு எல்லாத்துக்கும் சொல்லி அவளே அடிச்சா. நாங்க சிரிச்சோம். அவ விடல."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஆணியில் வேலைக்கு வராதவளின் சட்டை இருந்தது. ஆறாவது ஆணி காலியாக இருந்தது.

மாரீஸ்வரி அக்கா துவட்டுவதை நிறுத்தினாள்.

"அந்தச் சட்டைய என்ன செஞ்சிய தம்பி?"

"ஜெஸிகிட்ட இருக்கு."

"என்னைக்கிலேர்ந்து?"

"எடுத்த அன்னைக்கிலேர்ந்து."

சொரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரீஸ்வரி அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"விடுங்கன்னு சொன்னேன்லா."

"சொன்னீங்க."

"ஒரு சொல்லுக்கு மேல சொல்லல. படிச்ச மனுசன், அவ குழிமேட்டுல பொதைக்க எடுத்துட்டுப் போறாருன்னு நெனச்சேன். உங்களுக்குப் போயி நான் வெளக்குறதான்னு இருந்துட்டேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நாலு வருசம் அவ காத்தா. நீங்க ஒரே எட்டுல கொண்டு குடுத்துட்டிய."

நான் கிளம்பும்போது அவள் பால்வாடி ஜன்னலைக் காட்டிக் கேட்டாள், இதையும் எழுதுவீர்களா என்று. அந்த மனுவை நான் இன்னும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். ஜெஸி விழித்திருந்தாள். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மறு கையால் காலரை வாயில் திணித்திருந்தாள். அது எச்சிலில் நனைந்து கறுத்திருந்தது. டியூட்டியில் இருந்த சுஷ்மா மேடத்தைக் கூப்பிட்டுச் சட்டையைக் காட்டி, எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. கையுறை மாட்டினார்.

பிடுங்க வேண்டியிருந்தது. நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். என் கையைக் கடித்தாள். அந்தப் பல் தடம் இப்போதும் இருக்கிறது. கத்தவில்லை. கத்துகிற பலம் இல்லை. டாக்டர் கைப்பட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். மீதியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் வைத்து வாயைக் கட்டி, கட்டிலுக்கு எதிரே இருந்த கழிவுப் பெட்டியில் போடச் சொன்னார். நான்தான் கட்டிப் போட்டேன். ஜெஸி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பட்டித் துண்டின் முடிவு மறுநாள் வந்தது. எண்ணைச் சொல்லவா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பிறகு இறங்கியது. முப்பத்தேழு. இருபத்து நான்கு. மருந்தை விட்டால் கொஞ்சம் ஏறும், பயப்பட வேண்டாம், எலும்பில் தங்கியது மெல்ல வெளியே வரும் என்றார்கள். முகத்தில் நிறம் வந்தது. தானாக வெளிக்குப் போனாள். இட்லி சாப்பிட்டாள். பேச்சு மட்டும் வரவில்லை. தினமும் மேடம் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். பூனை, பஸ், குடை. ஜெஸி அட்டையைப் பார்ப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். இந்தப் பிள்ளை வாக்கியமாகப் பேசுமா பேசாதா என்பதை வைத்துத்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல முடியும் என்றார். எந்த மொழியாக இருந்தாலும் சரி.

பத்தொன்பதாம் நாள் காலை. மேடம் குடை அட்டையைக் காட்டினார். ஜெஸி அதைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கழிவுப் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் மேடத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"பப்பா அம்மாவக் குப்பையில போட்டுட்டாரு."

தெளிவாக, தட்டுத் தடங்கல் இல்லாமல். மேடத்துக்குத் தமிழ் தெரியாது. முகம் மலர்ந்து எழுந்துவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டார். என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார், ஒரு சொல் விடாமல். இந்தியில் சொன்னேன். அவர் பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் நின்றது. பிறகு எழுதினார். நான்கு மாதத்தில் முதல் முழு வாக்கியம்.

தற்செயலாக வந்ததா என்று பார்க்க வேண்டும், மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பச் சொல்லு ஜெஸி என்றேன்.

சொன்னாள்.